பழைய மண்சுவருக்குப் புதுப் பூச்சு: நாமே பூசலாம், சிமென்ட் மட்டும் வேண்டாம்

நெல்லில் புகையான் தாக்குதலுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். அதற்கான பதில் போன இதழிலேயே வந்துவிட்டது. கடிதத்தின் கடைசியில் அவர் இன்னொன்றும் கேட்டிருந்தார். "ஐயா, தாத்தா காலத்து மண்சுவர் ஓட்டு வீடு. பத்து வருடத்துக்கு முன்னால் வெளிப்பக்கம் சிமென்ட் பூசினோம். இப்போது பாளம் பாளமாக விழுகிறது. திரும்பப் பூச கொத்தனார் சொல்லும் கூலி கட்டுப்படியாகவில்லை. நாங்களே பூசிக்கொள்ள முடியுமா?"

நான் வேளாண்மை படித்தவன். கட்டடம் படித்தவன் அல்ல. இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதும் கடமை எனக்கு இருக்கிறது. இதே தவற்றை என் சொந்த வீட்டில் செய்து, அதற்கான விலையைக் கொடுத்தவன் நான்.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். தாத்தா கட்டிய மண்சுவர் வீடு. ஒவ்வொரு தை மாதமும் அம்மா சுவரை மெழுகி, சுண்ணாம்பு அடிப்பார். 1997-ல் வேலைக்குச் சேர்ந்த கையோடு, "இனிமேல் வருடா வருடம் நீங்கள் கஷ்டப்பட வேண்டாம்" என்று சொல்லி, நாலு பக்கமும் சிமென்ட் பூச வைத்தேன். வீடு பார்க்க மச்சு வீடு போல ஆனது. எனக்கும் பெருமையாக இருந்தது.

2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல். டெல்டாவில் அந்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் இரவு எங்கள் மேற்குச் சுவர் உள்பக்கமாகச் சரிந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் அம்மாவின் கட்டில் எப்போதும் கிடக்கும். அன்று ஓடு ஒழுகியதால் கட்டிலை நடைக்கு இழுத்துப் போட்டுப் படுத்திருந்தார். ஒழுகிய ஓடுதான் அம்மாவைக் காப்பாற்றியது.

மறுநாள் இடிந்த சுவரைப் புரட்டிப் பார்த்தேன். சிமென்ட் பூச்சு வெளியே விரிசல் தவிர வேறு குறையில்லாமல் இருந்தது. அதற்குள்ளே இருந்த மண் நாற்றங்கால் சேறு போலக் கிடந்தது. ஒவ்வோர் ஐப்பசி, கார்த்திகையிலும் 'மழையில் சுவர் இடிந்து பலி' என்ற செய்தியைப் பார்க்கிறோம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சேறுதான் ஞாபகம் வருகிறது.

சிமென்ட் ஏன் ஒத்துவரவில்லை?

இது நமக்குத் தெரிந்த மண் பாடம்தான். உவர் நிலத்தில் கோடையில் மேலே வெள்ளையாகப் பூக்கிறதே, அது எப்படி? அடியில் உள்ள ஈரம் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுகிறது. மேலே வந்ததும் தண்ணீர் ஆவியாகிவிடுகிறது. கொண்டுவந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. மண்சுவரிலும் இதேதான் நடக்கிறது. தரையின் ஈரம் சுவரில் ஏறுகிறது, சுவரின் மேற்பரப்பில் காய்கிறது.

மண் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் இந்த ஆவியை வெளியே விடும். சிமென்ட் பூச்சு அவ்வளவு எளிதாக விடாது. வெளியேற வழியில்லாத ஈரம் சுவருக்குள்ளேயே மேலும் மேலும் ஏறுகிறது. அதோடு, மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சிமென்ட் விறைப்பானது, அதனால் வளைந்து கொடுக்க முடியாது. இரண்டும் பிரியும், நடுவில் பொந்து விழும். விரிசல் வழியாக உள்ளே போகும் மழைத் தண்ணீர் அந்தப் பொந்தில் தேங்கி நிற்கும். வெளியே கல் மாதிரி தெரியும், உள்ளே கரைந்துகொண்டிருக்கும். இதுதான் ஆபத்து.

சிமென்ட் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. சிமென்ட் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்கு அது பொருத்தமானது. மண்சுவருக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

முதலில் சுவரைப் படியுங்கள்

பூச்சு வேலைக்கு முன் ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்ப்பதற்கே ஒதுக்குங்கள்.

கை முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். 'டொக் டொக்' என்று பொந்து சத்தம் வரும் இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போடுங்கள். மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு, சுவர் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பெயர்ந்த இடத்தில் ஓர் ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி சேற்றில் இறங்குவது போல இறங்கினால் அங்கே ஈரம் தங்கியிருக்கிறது.

சுவர் சாய்ந்திருந்தால், நடுவில் வயிறு தள்ளியிருந்தால், ஒரே விரிசல் உள்ளும் வெளியும் தெரிந்தால், மூலையில் இரண்டு சுவரும் பிரிந்திருந்தால், அது பூச்சு வேலை அல்ல. கரணையைக் கையில் எடுக்காதீர்கள். அனுபவமுள்ள கொத்தனாரையோ பொறியாளரையோ கூப்பிட்டுக் காட்டுங்கள். அதுவரை அந்தச் சுவரை ஒட்டி யாரும் படுக்க வேண்டாம், மாட்டையும் கட்ட வேண்டாம். வீடே தாங்காது என்ற நிலை என்றால், பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம், கலைஞரின் கனவு இல்லம் ஆகியவற்றுக்கு உங்களுக்குத் தகுதி உண்டா என்று ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரியுங்கள்.

தண்ணீருக்கு வழி சொன்ன பிறகே பூச்சு

வாய்க்காலை அடைக்காமல் வயலைக் காயப்போட முடியாது. சுவரும் அப்படித்தான்.

ரோடு போடப் போடத் தெரு உயர்ந்து, நம் வீடு பள்ளமாகிவிட்டது. பல வீடுகளில் வெளி மண் திண்ணைக்குச் சமமாக ஏறிக் கிடக்கிறது. சுவரை ஒட்டிக் குவிந்திருக்கும் அந்த மண்ணை அள்ளி, சுவரிலிருந்து வெளியே சரிவு வரும்படி செய்யுங்கள். அள்ளும்போது அஸ்திவாரத்துக்குக் கீழே தோண்டிவிடக் கூடாது. வடிகால் வாய்க்கால் வெட்டுவதானால் சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி வெட்டுங்கள்.

ஓட்டுக் கூரை சுவரைத் தாண்டி இரண்டடியாவது வெளியே நீண்டிருப்பது நல்லது. நீட்ட முடியாவிட்டால் தாவாரத்தில் தகரக் கால்வாய் வைத்து மழைத் தண்ணீரைத் தூரமாகக் கொண்டுபோங்கள். உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். மாட்டைச் சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள். கோமியத்தில் உள்ள உப்பு சுவரில் ஏறி, எந்தப் பூச்சையும் பொரித்து உதிர வைக்கும். குளிக்கும் இடம், பாத்திரம் கழுவும் இடம் எல்லாம் சுவரை விட்டுத் தள்ளிப் போகட்டும்.

எந்த மாதம்?

தை, மாசிதான் சரியான காலம். மழை விட்டிருக்கும், சம்பா அறுவடை முடிந்து கையும் ஓய்ந்திருக்கும், புது வைக்கோலும் இருக்கும். வெயில் கடுமையாக இருக்காது என்பதால் பூச்சு நிதானமாகக் காயும். சித்திரை வெயிலில் பூசினால் விரிசல் விடும். ஐப்பசியில் பூசினால் கரைந்து போகும்.

ஒரு வருடத்துக்கு ஒரு சுவர் என்று வைத்துக்கொண்டாலும் போதும். முதலில் மழை அதிகம் அடிக்கும் பக்கத்தை எடுங்கள்.

பழைய பூச்சை எடுப்பது

அந்தச் சுவரில் மின்சார வயர் போயிருந்தால் முதலில் மெயினை நிறுத்துங்கள். மூக்கு வாயைத் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். சிறிய உளியும் சுத்தியலும் போதும். கனத்த சம்மட்டியோ இடிக்கும் மெஷினோ வேண்டாம். அந்த அதிர்ச்சியைப் பழைய சுவர் தாங்காது.

மேலிருந்து கீழாக, மூன்றடி அகலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். பொந்து விழுந்த இடம் தானாகவே வந்துவிடும். சில இடத்தில் சிமென்ட் மண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அங்கே பெயர்த்தால் சுவரே பெயரும் என்று தோன்றினால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

எடுத்த பிறகு இரண்டு, மூன்று வாரம் சுவரை அப்படியே காயவிடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கித் தள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளேதான் போகும்.

எங்கள் வீட்டில் மிச்சம் நின்ற மூன்று சுவர்களின் சிமென்ட்டை 2009 தை, மாசியில் நானும் மைத்துனரும் இப்படித்தான் எடுத்தோம். ஊரில் வயதான கொத்தனார் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வழி சொன்னார். மண்ணைத் தொட்டுப் பார்த்து அவர் சொன்னதையும், நான் கல்லூரியில் படித்ததையும் ஒப்பிட்டுப் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

மண்ணைத் தேர்ந்தெடுப்பது

பூச்சுக்குச் செம்மண் நல்லது. கரிசல் மண் வேண்டாம். நனைந்தால் வீங்கி, காய்ந்தால் வாய் பிளக்கும் குணம் அதற்கு உண்டு. மேல்மண்ணில் மட்கும் வேரும் இருக்கும் என்பதால் ஓரடி ஆழத்துக்குக் கீழே உள்ள மண்ணை எடுங்கள்.

இரண்டு எளிய சோதனைகள் உண்டு. ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி ஒரு நாள் அசையாமல் வையுங்கள். அடியில் மணல், நடுவில் வண்டல், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். களி தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் மணல் சேருங்கள்.

அடுத்தது, பிசைந்த மண்ணை 3 செ.மீ. கனத்துக்குச் சுருட்டு போல உருட்டி, மேசை விளிம்பில் மெதுவாக வெளியே தள்ளுங்கள். 5 செ.மீ. நீளத்துக்குள் ஒடிந்தால் மணல் அதிகம். 15 செ.மீ. தாண்டியும் ஒடியாமல் தொங்கினால் களி அதிகம். நடுவில் ஒடிந்தால் உங்கள் மண் சரியான மண்.

மண்ணைச் சலித்து ஊறவைத்து, ஒன்று இரண்டு அங்குலமாக நறுக்கிய வைக்கோலையும் கொஞ்சம் சாணியையும் போட்டு, காலால் நன்றாக மிதியுங்கள். தினமும் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டு ஒரு வாரம், பத்து நாள் புளிக்க விடுங்கள். வைக்கோல் மென்மையாகி மண்ணோடு சேரும். விரிசலைத் தடுப்பது இந்த வைக்கோல்தான்.

சுண்ணாம்பு: கண்ணுக்குக் கவனம்

சுட்ட சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சல் சுண்ணாம்போ வாங்கி, நீங்களே நீற்றலாம். இந்த இடத்தில்தான் அதிக எச்சரிக்கை வேண்டும். தண்ணீர் பட்டதும் அது கொதித்துத் தெறிக்கும். தோலில் பட்டால் புண்ணாகும். கண்ணில் பட்டால் பார்வையே போகும்.

குழியிலோ இரும்புத் தொட்டியிலோ முதலில் தண்ணீரை ஊற்றிவிட்டு, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளாஸ்டிக் டிரம் சூட்டில் இளகிவிடும், அதனால் அது வேண்டாம். கண்ணாடி, கையுறை கட்டாயம். குழந்தைகளும் ஆடு மாடும் அந்தப் பக்கம் வராதபடி மறைப்புக் கட்டுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் உடனே நல்ல தண்ணீரை விடாமல் ஊற்றிக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள். கழுவுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீற்றிய சுண்ணாம்பைச் சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது இரண்டு வாரம் வையுங்கள். எவ்வளவு நாள் ஊறுகிறதோ அவ்வளவு வெண்ணெய் போல வரும். நீற்றுவதற்குப் பயமாக இருந்தால் நீற்றிய தூளாகவே மூட்டையில் கிடைக்கிறது. ஈரம் பட்டு இறுகிய பழைய மூட்டையை வாங்காதீர்கள், அதில் பிடிமானம் இருக்காது.

மணல் உப்பில்லாததாக இருக்கட்டும். ஆற்று மணலோ, பூச்சுக்கென்று விற்கும் பி-சாண்டோ பயன்படுத்தலாம். கடல் மணல் வேண்டாம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதையும் தவிர்த்து, குடிக்கிற தண்ணீரையே பயன்படுத்துங்கள்.

கடுக்காயைத் தட்டிப் போட்டு, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்துச் சில நாள் புளிக்கவைத்த தண்ணீரைச் சாந்தில் கலப்பது நம் பக்கத்துப் பழைய முறை. அளவு ஊருக்கு ஊர் மாறும். இனிப்பு அதிகமானால் சாந்து இறுக வெகுநாள் ஆகும். ஆகவே கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

பூசும் முறை

நேராக முழுச் சுவரில் இறங்காதீர்கள். புது ரகத்தை முதலில் கால் காணியில் போட்டுப் பார்ப்பது போல, ஓரடிக்கு ஓரடி சதுரமாக மூன்று, நான்கு கலவைகளைச் சுவரில் பூசி, பத்து நாள் பாருங்கள். விரிசல் விடாமல், நகத்தால் சுரண்டினால் உதிராமல் எது நிற்கிறதோ அதுவே உங்கள் கலவை.

1. அரிப்பு விழுந்த குழிகளை முதலில் நிரப்புங்கள். உடைந்த ஓடு, செங்கல் துண்டுகளைச் சேற்றோடு வைத்து அழுத்தி, காயவிடுங்கள். சிமென்ட் வைத்து அடைக்காதீர்கள்.

2. சுவரில் தண்ணீரைத் தெளியுங்கள். மண் கரையும் அளவுக்கு ஊற்ற வேண்டாம். வைக்கோல் சேற்றைக் கையால் ஓங்கி அடித்து, 20 மி.மீ. கனத்துக்கு மட்டப்பலகையால் தேயுங்கள். ஈரமாக இருக்கும்போதே குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவிடுங்கள். இரண்டு, மூன்று வாரம் காயட்டும். விடும் விரிசல்களை அகலப்படுத்தி அதே சேற்றால் அடையுங்கள்.

3. பிறகு சுண்ணாம்புச் சாந்து. ஒரு பங்கு ஊறிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். மண் பூச்சை லேசாக நனைத்து, சுண்ணாம்புத் தெளிவைத் தூரிகையால் ஒரு கை அடித்துவிட்டு, 6 முதல் 7 மி.மீ. கனத்துக்குப் பூசுங்கள். இதையும் கீறிவிட்டு, விரலால் அழுத்தினால் குழி விழாத அளவுக்கு இறுகிய பின் இரண்டாம் பூச்சு 3 மி.மீ. போடுங்கள்.

4. முதல் இரண்டு, மூன்று நாளில் மயிரிழை விரிசல் வந்தால் பயப்படாதீர்கள். தண்ணீர் தெளித்து மணியாசுக்கட்டையால் அழுத்தித் தேய்த்தால் மூடிக்கொள்ளும்.

5. ஈரச் சாக்கைச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டு, ஒன்றிரண்டு வாரம் வெயில் நேரே படாமல் பாருங்கள். சுண்ணாம்பு காற்றில் உள்ள கரிவாயுவை எடுத்துக்கொண்டுதான் இறுகும். அதற்குக் கொஞ்சம் ஈரமும் நாளும் வேண்டும். அவசரம் உதவாது.

6. கடைசியில் சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து மூன்று, நான்கு கை அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் சுவரின் மூச்சு மறுபடி அடைபடும்.

உயரத்துக்குச் சவுக்குக் கம்பில் தனியாக நிற்கும் சாரம் கட்டுங்கள். பழைய சுவரில் ஓட்டை போட்டுச் சாரத்தை முட்டுக் கொடுக்க வேண்டாம்.

எவ்வளவு பொருள் வேண்டும்?

20 அடி நீளம், 9 அடி உயரச் சுவர் 180 சதுர அடி. 20 மி.மீ. மண் பூச்சுக்கு ஏறத்தாழ 12 கன அடி சேறு. மேடு பள்ளத்துக்கு இன்னும் 3, 4 கன அடி வைத்துக்கொள்ளுங்கள். 10 மி.மீ. சுண்ணாம்புப் பூச்சுக்குச் சேதாரம் சேர்த்து 7 கன அடி மணல், இரண்டரை கன அடி ஊறிய சுண்ணாம்பு. மண்ணும் வைக்கோலும் சாணியும் நம்மிடமே உண்டு. காசு கொடுத்து வாங்குவது சுண்ணாம்பும் மணலும்தான்.

வேலை அதிகம் என்பதை மறைக்கவில்லை. வருடா வருடம் பராமரிப்பும் உண்டு. கீழே ஒன்றரை அடி உயரம் மழைச் சாரல் தெறித்து உதிரும், அதை ஒவ்வொரு தையிலும் தொட்டுப் பூச வேண்டும். ஆனால் உதிர்வது கண்ணுக்குத் தெரியும். எங்கே ஈரம், எங்கே பழுது என்று சுவரே காட்டிக் கொடுக்கும். எந்த வேலையிலிருந்து அம்மாவை விடுவிப்பதாக நினைத்துச் சிமென்ட் பூசினேனோ, அந்த வேலைதான் அத்தனை வருடமும் சுவரை நிறுத்தி வைத்திருந்தது.

எங்கள் மூன்று சுவர்களும் இன்றும் நிற்கின்றன. 2018 கஜா புயலில் ஓடுகள் பறந்தன, சுவர் அசையவில்லை.

இது தொடர்பாக வந்த மற்ற கேள்விகள்

எங்கள் வீடு செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. எங்களுக்கும் இதே முறையா?
மண் பூச்சு தேவையில்லை. செங்கல் இடுக்குகளில் உளுத்துப்போன சாந்தை அரை அங்குலம் சுரண்டி எடுத்து, நனைத்து, நேராகச் சுண்ணாம்புச் சாந்தை இரண்டு பூச்சாகப் பூசுங்கள். முதல் பூச்சு 10 முதல் 12 மி.மீ. இருக்கலாம்.

மண்சுவரில் கோழிவலை அடித்து, அதன் மேல் சிமென்ட் பூசினால் நிற்கும் என்கிறார்களே?
பூச்சு நிற்கும். உள்ளே இருக்கும் ஈரம் போகாது. சுவர் கரைவதை மறைத்துத்தான் வைக்கும். எங்கள் மேற்குச் சுவரின் கதைதான்.

சுவரில் கரையான் ஏறுகிறது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து மீதி இருக்கிறது, ஊற்றலாமா?
கூடவே கூடாது. வயலுக்கு அடிக்கும் மருந்து குடியிருக்கும் வீட்டுச் சுவருக்கானது அல்ல. மூடிய இடத்தில் அந்த நச்சைக் குழந்தைகள் சுவாசிப்பார்கள். கரையான் ஈரத்தைத் தேடித்தான் வருகிறது. ஈரத்தை நிறுத்துங்கள், சுவரை ஒட்டி விறகும் வைக்கோலும் அடுக்காதீர்கள், மண் குழாய்களைத் தினமும் தட்டிவிடுங்கள். அடங்காவிட்டால் உரிமம் பெற்ற கரையான் ஒழிப்புப் பணியாளரை அழையுங்கள்.

மழைக்காலம் நெருங்கிவிட்டது. பூச இப்போது நேரமில்லை. என்ன செய்வது?
பூச வேண்டாம். ஓட்டைச் சரிசெய்யுங்கள். சுவரோரத்து மண்ணை அள்ளி, தண்ணீருக்கு வழி வெட்டுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் தென்னங்கீற்று மறைப்புக் கட்டுங்கள். இன்று இரவே கட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுங்கள். மற்ற வேலைகளைத் தையில் பார்த்துக்கொள்ளலாம்.